ஜூலை முதலாம் திகதி எங்கள் பிள்ளைகளும் அங்கே நிற்கட்டும்

நெதர்லாந்தில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்துவோருக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, வருடத்தில் இரண்டு பாடவேளையாவது, சுரினாம் நாட்டின் வரலாற்றைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அப்புறம், ஜூலை 1ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் ஓஸ்தர்பார்க் பூங்காவில் நடக்கும் அடிமைமுறை ஒழிப்பு நினைவுநாளுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

"தமிழ் படிப்பிக்கவே நேரம் போதவில்லை, இதற்குள் சுரினாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகைக்கு எடுத்த வகுப்பறையில், கிழமை முழுக்க வேலை செய்த களைப்போடு, சம்பளம் வாங்காமல் படிப்பிக்கிறவர்களிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுப்பது எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் கேட்கிறேன். நாங்கள் குடியேறிய இந்த நாடு எப்படிச் செல்வம் சேர்த்தது, பக்கத்து வீட்டுக்காரர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பது தெரியாமல் எங்கள் பிள்ளைகள் வளரக்கூடாது. டச்சுப் பள்ளிகளில் இப்போது இதைச் சொல்லித் தருகிறார்கள்தான். ஆனால் அது டச்சு மொழியில் நடந்து பள்ளியோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மம்மாவோடு அதைக் கதைக்கப் பிள்ளையிடம் போதிய தமிழ் இல்லை. வீட்டில் பெரியவர்கள் கறுப்பின மக்களைப் பற்றிக் கதைக்கும் விதமோ முற்றிலும் வேறு. அவர்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் சொல்லை இங்கே எழுத நான் விரும்பவில்லை. எது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பயித்தங்காயும் பாவற்காயும் வாங்க எங்கே போகிறோம்? சுரினாம் கடைக்குத்தான். மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, வாழைக்காய், கருவாடு, கண்ணைக் கலங்க வைக்கும் அந்த மஞ்சள் மிளகாய் எல்லாம் அங்கே இருக்கும். கல்லாவில் நிற்பவர் பார்க்க எங்களூர் ஆள் போல இருப்பார். பின்பக்கம் பெட்டி இறக்குபவர் ஆபிரிக்க வம்சாவளி. சமையற்கட்டில் நூடில்ஸ் பொரிப்பவர் இந்தோனேசிய ஜாவாக்காரர். மூவரும் ஒரே மொழியில் பகிடி விட்டுச் சிரித்துக்கொள்வார்கள். "இவர் இந்தியர் என்றால் ஏன் டச்சு மட்டும் கதைக்கிறார்?" என்று ஒரு முறை என் மகள் கேட்டாள். அந்த மூன்று பேரின் முன்னோரையும் இரண்டு கண்டங்களிலிருந்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது தோட்டம். ஒல்லாந்தர் என்று நாங்கள் சொல்லும் டச்சுக்காரரின் கரும்புத் தோட்டம், கோப்பித் தோட்டம்.

சுரினாம் தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது. ஐரோப்பியர் வரும்போது அங்கே பழங்குடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1650களின் தொடக்கத்தில் பார்படோசிலிருந்து வந்த ஆங்கிலேயர் அங்கே கரும்பு போட்டார்கள். 1667இல் சீலாந்து என்ற டச்சு மாகாணத்தின் கடற்படைத் தளபதி ஆபிரகாம் கிரைன்சன் அதைப் பிடித்தார். அதே ஆண்டு பிரேடா நகரில் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி சுரினாம் ஒல்லாந்தரிடமும், இன்றைய நியூயோர்க் ஆங்கிலேயரிடமும் நின்றன. 1683இலிருந்து சுரினாமை ஒரு கூட்டு நிறுவனம் நடத்தியது. அதன் பங்குகளை மூன்று தரப்புகள் வைத்திருந்தன: மேற்கிந்தியக் கொம்பனி என்ற டச்சு வணிக நிறுவனம், ஒரு பிரபுக் குடும்பம், மூன்றாவது ஆம்ஸ்டர்டாம் நகரம். ஆம், நகரமேதான். பிள்ளைகள் கால்வாய் ஓரமாகச் சைக்கிள் ஓட்டிப் போகிற அந்த நகரத்தின் ஆட்சிமன்றம் ஒரு அடிமைக் குடியேற்றத்தின் பங்குதாரராக இருந்தது. 2021 ஜூலை 1ஆம் திகதி நகர மேயர் மன்னிப்புக் கேட்டது இதனால்தான்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையாவது கிண்டர்டைக் காற்றாலைகளைப் பார்க்கப் போவார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே கிடந்த நிலத்தை அணை கட்டி, நீரை இறைத்து எப்படி வயலாக்கினார்கள் என்று ஆசிரியர் பெருமையோடு விளக்குவார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். அதே தொழில்நுட்பம் சுரினாமிலும் இருக்கிறது என்பதை அங்கே பெரும்பாலும் சொல்வதில்லை. கொமெவைனே, கோத்திக்கா ஆறுகளின் இரு கரையும் சேற்று நிலம். கடல் நீர் ஏறும்போது மூழ்கும், வற்றும்போது வெளியே தெரியும். அந்தக் களிமண்ணை வெட்டி, நீள்சதுரமாக அணை எழுப்பி, உள்ளே வாய்க்கால்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிரித்து, ஆற்று வாயில் மதகு வைத்தார்கள். வற்றுநீரில் மதகைத் திறந்தால் வயல் வடியும், ஏறுநீரில் மூடினால் ஆறு உள்ளே வராது. இவ்வளவையும் வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். இடுப்பளவு சேற்றில், மண்வெட்டியால், வெயிலிலும் மழையிலும் நின்று வெட்டினார்கள். பல தோட்டங்களில் ஆலையையும் தண்ணீரே ஓட்டியது. ஏறுநீர் மிக உயரமாக வரும் நாட்களில் ஆற்று நீரை வாய்க்காலில் தேக்கி, ஆறு வற்றும்போது திறந்துவிட்டால் ஆலைச் சக்கரம் சுழலும். வெட்டிய கரும்பு சீக்கிரம் புளித்துவிடும். ஆகவே தண்ணீர் கிடைக்கும் நாட்களில் இரவு பகலாக ஆலை ஓடும். நித்திரை இல்லாமல் கரும்பைத் தள்ளுகிறவரின் விரல் உருளைகளுக்குள் போனால் கை முழுவதும் உள்ளே போய்விடும். கையைத் துண்டித்து ஆளைக் காப்பாற்றப் பக்கத்தில் ஒரு கோடரி வைத்திருப்பது கரும்பாலைகளின் வழக்கம். அடுத்த கொட்டகையில் பாகு கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஒரு காட்சியை மட்டும் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னாலும் போதும். மதகு, வாய்க்கால், அணை, வற்றுநீர், ஏறுநீர் என்று எவ்வளவு தமிழ்ச் சொற்கள் பிள்ளைக்குப் பழக்கமாகும் பாருங்கள். தமிழ் படிப்பிக்க நேரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் சுரினாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் 2 இலட்சத்துக்கும் மேல். 1863இல் விடுதலை வந்தபோது எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். தப்பிக் காட்டுக்குள் போனவர்களையும் விடுவிக்கப்பட்டவர்களையும் சேர்த்தாலும் கணக்கு நேராகாது. பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் கூட. அந்தக் குறையை ஈடுசெய்யவே கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.

அந்தக் கப்பல்களில் ஒன்று லூஸ்டன். மேற்கிந்தியக் கொம்பனியின் கப்பல். 1738 ஜனவரி 1ஆம் திகதி, சுரினாமுக்குப் போகும் வழியில், மரொவைனே ஆற்று முகத்தில் மணற்திட்டில் மாட்டி உடையத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான ஆபிரிக்கர்கள். மேலே வந்தால் படகுகளுக்குச் சண்டை வரும் என்று மாலுமிகள் தளக்கதவுகளை ஆணி அடித்து மூடினார்கள். 664 பேர் உள்ளேயே மூழ்கி இறந்தார்கள். மாலுமிகள் தப்பினார்கள். கப்பலில் இருந்த தங்கப் பெட்டியைக் காப்பாற்றியதற்காக அவர்களுக்குச் சன்மானமும் கிடைத்தது. அந்த நேரம் மேல்தளத்தில் இருந்ததால் உயிர் பிழைத்த 16 ஆபிரிக்கர்கள் கரைக்குக் கொண்டுபோய் விற்கப்பட்டார்கள். படகுகளில் கடல் கடந்து, ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்த அறைகளில் மாதக்கணக்கில் கிடந்து, பெட்டி லொறிகளில் மூச்சுத் திணறி இந்த நாட்டுக்கு வந்தவர்கள் எங்களில் எத்தனை பேர்! எங்கள் ஆட்கள் விரும்பி ஏறினார்கள், அந்த ஆபிரிக்கர்கள் சங்கிலியில் கட்டி ஏற்றப்பட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் மூடிய கதவுக்கு உள்ளே இருப்பது என்றால் என்ன என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அழிவை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்குப் பின்னால் காடு இருந்தது. தொடக்கத்திலிருந்தே மக்கள் அதற்குள் தப்பிப் போனார்கள். ஆறுகளின் மேல்பகுதியில், அருவிகளுக்கு அப்பால், ஊர் அமைத்தார்கள், கொல்லை வெட்டினார்கள், தோட்டங்களைத் தாக்கி உறவுகளை மீட்டார்கள். படை அனுப்பி அனுப்பிக் களைத்த ஒல்லாந்தர் கடைசியில் சமாதானம் பேச வேண்டி வந்தது. 1760 ஒக்டோபரில் நியூக்கா மக்களுடனும், 1762இல் சரமாக்கா மக்களுடனும் உடன்படிக்கை செய்து அவர்களின் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் மனித உரிமைப் பிரகடனம் எதுவும் வருவதற்கு முன்னமே, தப்பி ஓடிய அடிமைகள் ஒரு வல்லரசைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அதற்குப் பின்னும் போனி என்ற தலைவர் சதுப்பு நிலத்துக்குள் கோட்டை கட்டி, நீருக்கு அடியில் மறைந்த பாதையால் ஆட்களைக் கொண்டுபோய் ஆண்டுக்கணக்கில் போரிட்டார். 1772இல் அந்தக் கோட்டை விழுந்தது. அவர் விழவில்லை. 1793 வரை பிடிகொடுக்காமல் இருந்தார். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சுரினாமின் உட்பகுதியில் தங்கள் தலைவர்களோடும் தங்கள் மொழியோடும் வாழ்கிறார்கள்.

நகரத்தில் நடந்தது வேறு. 1832இல் தலைநகர் பரமாரிபோவில் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டி, கொஜோ, மென்டோர், பிரசன்ட் என்ற மூன்று இளைஞர்களை 1833 ஜனவரியில் பொது இடத்தில் உயிரோடு எரித்தார்கள். அதே ஆண்டுதான் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. பிரான்ஸ் 1848இல் ஒழித்தது. நெதர்லாந்து 1863 வரை இழுத்தது. இழுத்ததற்குக் காரணம் நட்டஈடு. யாருக்கு நட்டஈடு? அடிமைகளுக்கல்ல, எசமானர்களுக்கு. சுரினாமில் தலைக்கு 300 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) வீதம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஜாவாவின் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தி விளைவித்த இலாபத்திலிருந்து வந்தது. ஒரு குடியேற்றத்தின் வியர்வையை எடுத்து இன்னொரு குடியேற்றத்தின் முதலாளிக்குக் கொடுத்தார்கள்.

1863 ஜூலை 1ஆம் திகதி காலை, பரமாரிபோவின் சீலாந்தியா கோட்டையிலிருந்து 21 பீரங்கி முழக்கத்தோடு விடுதலை அறிவிக்கப்பட்டது. அடிமையாக இருந்தவரைக்கும் சப்பாத்து போட உரிமை இல்லை. அடுத்த நாளே சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள் என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்வார்கள். ஆனால் 15 முதல் 60 வயது வரையானவர்கள் இன்னும் 10 ஆண்டுகளுக்கு அரசின் மேற்பார்வையில் ஒப்பந்தம் போட்டு வேலை செய்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. பெரும்பாலானவர்கள் தோட்ட வேலைக்கே திரும்பிப் போனார்கள். ஆகவே உண்மையான விடுதலை ஆண்டு 1873. 2023இல் 150ஆவது ஆண்டு என்று நினைவுகூர்ந்தது இந்தக் கணக்கில்தான். 2022 டிசம்பரில் பிரதமரும், 2023 ஜூலை 1ஆம் திகதி ஓஸ்தர்பார்க்கில் நின்று மன்னரும் மன்னிப்புக் கேட்டார்கள். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். எதற்காக என்று எங்கள் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னோம்?

அந்த 10 ஆண்டு முடிவதற்குச் சில வாரம் முன்பு, 1873 ஜூன் 5ஆம் திகதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லல்லா ரூக் என்ற கப்பல் பரமாரிபோவில் ஆட்களை இறக்கியது. திகதிகள் தற்செயலாக ஒன்றுசேரவில்லை. விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டுப் போகப் போகிறார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரியும். பிரித்தானியாவோடு 1870இல் உடன்படிக்கை போட்டு இந்தியக் கூலிகளுக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். 1916 வரை 34,000க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலும் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்து ஏழைகள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், சிறை. திரும்பிப் போகும் உரிமையை விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் காணியும் 100 கில்டரும் கொடுத்து அங்கேயே இருத்தினார்கள். கல்லாவில் நிற்பவர் அவர்களின் வாரிசு. 1890 முதல் ஜாவாவிலிருந்தும் ஏறத்தாழ 33,000 பேர் வந்தார்கள்.

அவர்களும் அடங்கிக் கிடக்கவில்லை. 1884இல் சொர்க் என் ஹோப் தோட்டத்தில் ஜேனி தெத்தரி என்ற பெண் மற்றப் பெண்களைத் திரட்டி நின்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1902இல் மரியன்பேர்க் சீனித் தொழிற்சாலைத் தோட்டத்தில் கூலி வெட்டுக்கு எதிராக எழுந்தவர்கள் மேலாளரைக் கொன்றார்கள். அடுத்த நாள் படை வந்து சுட்டதில் 24 தொழிலாளர்கள் இறந்தார்கள். உடல்களை ஒரே குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். அந்தக் குழி எங்கே என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. உறவுகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று தெரியாமல் வாழ்கிற குடும்பங்கள் எங்கள் சமூகத்தில் எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு மலையகம் ஞாபகம் வந்திருக்கும். வர வேண்டும். அதே 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் தமிழகத்திலிருந்து மக்களை மன்னார் வழியாகக் கால்நடையாகக் கண்டிச் சீமைக்குக் கொண்டுபோய்க் கோப்பிக்கும் தேயிலைக்கும் விட்டார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையகத் தமிழரின் கதையையும் எங்கள் பாடப் புத்தகங்கள் இரண்டு வரியில் கடந்து போகின்றன. சுரினாமைச் சொல்லப் புகுந்தால் மலையகத்தையும் சேர்த்துச் சொல்லும் வாய்ப்புக் கிடைக்கும்.

ஒல்லாந்தரும் எங்களுக்கு அந்நியரல்ல. விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிற பிள்ளைகள் கோட்டை வாசலில் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, ஐந்து மூலைக் கோட்டையாக ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது அது. பரமாரிபோவின் சீலாந்தியா கோட்டையையும் ஐந்து மூலையாகவே அவர்கள் கட்டினார்கள். கிழக்கில் ஒரு கொம்பனி, மேற்கில் இன்னொரு கொம்பனி. அடிமை வியாபாரம் இரண்டு பக்கமும் நடந்தது. 1660ஐ ஒட்டிய ஆண்டுகளில் தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் வந்தபோது, கிழக்கிந்தியக் கொம்பனி சோழமண்டலக் கரையில் ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பியது. கொழும்பில் கொம்பனித்தெரு என்கிற இடம் கொம்பனியின் அடிமைகளை வைத்திருந்த இடம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக எழுதித் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் என்று எங்கள் ஊர்ச் சாதிகளின் பெயர்கள் அதில் வருகின்றன. ஆண்டவர்கள் எங்கள் ஆட்கள், ஆளப்பட்டவர்களும் எங்கள் ஆட்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முழுமையாக ஒழிந்தது 1844இல். சுரினாமின் வரலாற்றைப் படிப்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, "எங்கட ஊரிலயும் இப்பிடி இருந்ததா?" என்று கேட்கும். "இருந்தது" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். பெரியவர்கள்தான் இந்தக் கேள்விக்குப் பயப்படுகிறோம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்ல நேரம் இருந்தால் அன்டன் டி கொமைத் தெரிவு செய்யுங்கள். 1898இல் பரமாரிபோவில் பிறந்தவர். அவருடைய தந்தை அடிமையாகப் பிறந்தவர். நெதர்லாந்தில் வேலை செய்துவிட்டு 1933 தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பினார். வீட்டு முற்றத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு ஏழைகளின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதினார். ஆபிரிக்க வழியினர், இந்திய வழியினர், ஜாவாக்காரர் எல்லோரும் வரிசையில் வந்தார்கள். அரசு பயந்தது அந்த வரிசையைப் பார்த்துத்தான். பெப்ரவரி 1ஆம் திகதி அவரைக் கைது செய்தார்கள். 7ஆம் திகதி விடுதலை கேட்டுத் திரண்ட மக்கள் மீது பொலிஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். விசாரணையே இல்லாமல் அவரைக் குடும்பத்தோடு நெதர்லாந்துக்கு நாடுகடத்தினார்கள். அடுத்த ஆண்டு சுரினாமின் வரலாற்றை அடிமைகளின் பக்கம் நின்று எழுதிய புத்தகத்தை வெளியிட்டார். ஜேர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1944 ஓகஸ்டில் பிடிபட்டு, 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, வதைமுகாமில் இறந்தார். தன்னை நாடுகடத்திய நாட்டின் விடுதலைக்காக உயிரைக் கொடுத்தவர். 2020இல்தான் நெதர்லாந்தின் பள்ளிகளுக்கான வரலாற்றுப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் தென்கிழக்கில் அவர் பெயரில் ஒரு சதுக்கமும் சிலையும் இருக்கின்றன. சாமான் வாங்க அந்த வழியால் போகிற எங்கள் ஆட்கள் நிறைய.

எங்களுக்கே ஆறாத காயம் இருக்கும்போது மற்றவர்களின் காயத்தைப் பார்க்க நேரமில்லை என்று ஒரு பெற்றோர் என்னிடம் சொன்னார். அந்தக் காயத்தின் ஆழம் எனக்கும் தெரியும். அதனால்தான் இதைக் கேட்கிறேன். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18ஆம் திகதி டென் ஹாக்கில் கூடி நிற்கிறோம். டச்சுக்காரர் யாராவது வந்து பக்கத்தில் நின்றால் மனம் நெகிழ்கிறோம், பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்தால் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். ஆறே கிழமை கழித்து ஜூலை 1ஆம் திகதி, இதே நாட்டில், இன்னொரு சமூகம் தன் இறந்தவர்களுக்காகப் பூ வைக்கிறது. அங்கே எங்கள் ஆட்களைக் காண்பது அரிது. எங்களுக்காக மற்றவர்கள் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாங்கள் அவர்களிடம் போக வேண்டாமா?

போனால் பிள்ளைகளுக்குப் பார்க்கவும் நிறைய உண்டு. காலையில் பெண்கள் பல அடுக்குப் பாவாடையும் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய தலைத்துணியும் கட்டி ஊர்வலமாக வருவார்கள். அந்தத் துணியை மடிக்கும் விதத்துக்கு ஒரு கருத்து உண்டு. கோபம், காதல், ஊர் வம்பு எல்லாவற்றையும் வாய் திறக்காமல் முடிச்சால் சொன்னார்களாம். எசமானர் முன்னால் கதைக்க முடியாத காலத்தில் வளர்ந்த கலை. நினைவுச் சின்னத்தின் முன்னால் வெறும் தரையில் தண்ணீர் ஊற்றி முன்னோரை அழைப்பார்கள். மத்தியானம் மரவள்ளி, வற்றாளை, வாழைக்காய் அவித்து, உப்பு மீனோடு ஒரு தட்டில் தருவார்கள். தோட்டத்தில் பங்கீடாகக் கிடைத்த சாப்பாட்டை அன்றைக்கு நினைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் அம்மம்மாக்களுக்கு அந்தத் தட்டில் ஒன்றும் புதிதாக இருக்காது. அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே என் ஆசை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஜூன் மாதத்தில் இரண்டு பாடவேளை போதும். முதலாவதில் தோட்டமும் கப்பலும் காடும், இரண்டாவதில் 1863இலிருந்து இன்றுவரை. 1830 முதல் 1863 வரையான சுரினாம் அடிமைப் பதிவேடுகளைத் தொண்டர்கள் கூடி எழுத்துப்பெயர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தைத் திரையில் காட்டுங்கள். பெயர், தாயின் பெயர், எந்த எசமானருக்குச் சொந்தம், எப்போது விற்கப்பட்டார் என்று இருக்கும். குடும்பப் பெயர் இருக்காது, சட்டப்படி அவர்களுக்கு அது கிடையாது. 1863இல் அதிகாரிகள் அவசரமாகக் குடும்பப் பெயர் கொடுத்தபோது எசமானரின் பெயரையோ ஊரின் பெயரையோ திருப்பிப் போட்டுக்கூடக் கொடுத்தார்கள். மத்ரெட்ஸ்மா என்று ஒரு குடும்பப் பெயர் இன்றும் உண்டு. டச்சில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தால் ஆம்ஸ்டர்டாம் வரும். உங்கள் வகுப்பில் யாருடைய நண்பருக்காவது அந்தப் பெயர் இருக்கலாம்.

பேச்சுப் போட்டித் தலைப்புகளில் அன்டன் டி கொமையும் சேர்த்துவிடுங்கள். நகரத்தில் இருக்கும் சுரினாம் சங்கம் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவரை வாணி விழாவுக்கோ ஒளிவிழாவுக்கோ அழையுங்கள். அவர் டச்சில் சொல்வதைப் பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று தமிழில் சொல்லட்டும்.

பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, வகுப்புக்கு ஏற்றபடி பிரித்து, எந்தப் பாடசாலை கேட்டாலும் தர நான் தயார். ஜூலை 1ஆம் திகதி இந்த நாட்டில் பொது விடுமுறை அல்ல. பெரும்பாலும் வேலை நாளாகவே வரும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் இருக்கும். அதனால் யார் கூட்டிக்கொண்டு போவது, பள்ளியில் எப்படி அனுமதி கேட்பது என்று மே மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிடுங்கள். என் பெயரை முதல் ஆளாக எழுதிக்கொள்ளலாம். என் காரில் நான்கு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தாய்